காரணமா, சாக்கா?

ஹைதராபாத் நகரின் கிழக்குப் பகுதியில் நாச்சாரத்தை அடுத்து அமைந்திருப்பது மல்லாபூர். தொழிற்பேட்டையின் பட்டறைகளும், சிறு ஆலைகளும், அவற்றில் உழைப்போரின் குடியிருப்புகளும் நெருங்கி நிற்கும் இடம் அது. அங்கு வாழும் தமிழ் அன்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை ஒரு வீட்டின் மொட்டைமாடியில் கூடி பகவத்கீதை படித்து வருகின்றனர். அவர்களுடைய அழைப்பின்பேரில் ஒரு ஞாயிறு மாலை அங்கே பேச நேர்ந்தது. மனத்தளர்ச்சியை வெல்வது பற்றிப் பேசினேன். வெற்றிக்குத் தடையாக நிற்பது வறுமையோ வயதோ அல்ல, நாம் சொல்லிக்கொள்ளும் சாக்குகளே என்ற கருத்தைச் சற்று அழுத்தமாகவே கூறினேன்.

ஆரத்தி முடிந்து பிரசாதம் வழங்கப்பட்டபின் ஓர் அன்பர் தயங்கியபடி அருகில் வந்தார். நாற்பது வயதை நெருங்கியவர். லேத் பட்டறையில் வேலை. குடும்பச் சூழ்நிலையால் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் மேற்பார்வையாளர் பதவி கிடைக்கும் என்று முதலாளி பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டாராம். ஒவ்வோர் ஆண்டும் தேர்வுக்குப் பணம் கட்ட நினைப்பதும், ஒவ்வோர் ஆண்டும் அது தள்ளிப்போவதுமாகக் காலம் கடந்திருக்கிறது.

"சுவாமிஜி, ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் இரவு வேலை. வீட்டில் அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். வாடகை கொடுக்கவேண்டும். இவை எல்லாமே உண்மை. நான் பொய் சொல்லித் தப்பித்துக்கொள்ளவில்லை. உண்மையான காரணமும் சாக்கு ஆகுமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. 'யோசித்துச் சொல்கிறேன்' என்று மட்டும் கூறி விடைபெற்றேன். அவர் கேட்டது அவர் ஒருவருடைய கேள்வி அன்று. நம் அனைவருடைய கேள்வி. எனவே அந்தச் சிந்தனையை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

குருக்ஷேத்திரத்தில் எழுந்த வாதங்கள்

உண்மையான காரணங்களைச் சொல்லிச் செயலிலிருந்து விலக முயன்ற ஒருவரைத்தான் கீதையின் முதல் அத்தியாயத்திலேயே நாம் சந்திக்கிறோம். அர்ஜுனன் கூறிய எதுவும் பொய்யன்று. எதிரே நின்றவர்கள் அவனுடைய பாட்டனாரும் ஆசாரியரும் உறவினரும்தாம். போரினால் குலம் அழியும் என்பதும், அதனால் தர்மம் குலையும் என்பதும் உண்மையே. அவன் சாஸ்திரத்தையே துணைக்கு அழைத்துப் பேசினான். பிச்சை எடுத்து வாழ்வதே மேல் என்று துறவையும் துணைக்கு அழைத்தான்.

ஆனால் இந்தக் காரணங்கள் அனைத்தும் அவனுக்குப் போர்க்களத்திற்கு வருமுன்பே தெரிந்தவை. பீஷ்மரும் துரோணரும் எதிரணியில் நிற்பார்கள் என்பது அவன் அறியாத செய்தியா? அன்றெல்லாம் அவை அவனைத் தடுக்கவில்லை. இரு சேனைகளுக்கும் நடுவே தேர் நின்றபோது, உடல் நடுங்கி, வாய் உலர்ந்து, வில் கையிலிருந்து நழுவிய நிலையிலேதான் அந்த வாதங்கள் பெருகி எழுகின்றன. நடுக்கம் முந்தியது, வாதம் பிந்தியது. இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். பகவான் முதலில் அவனுடைய வாதங்களுக்கு விடை கூறவில்லை. அவனது தளர்ச்சியைத்தான் கண்டித்தார். அதன் பிறகே, அறிஞனைப் போலப் பேசியும் அறிஞனுக்குரிய நிலையில் அவன் இல்லை என்று சுட்டிக்காட்டினார்.

கடோபநிஷதம் உடலைத் தேராகவும், புலன்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைத் தேரோட்டியாகவும் உருவகிக்கிறது. குதிரைகள் தம் விருப்பம்போல் ஒரு பக்கம் இழுத்துச் செல்லும்போது பலவீனமான தேரோட்டி என்ன செய்வான்? 'நானும் இந்தப் பக்கம்தான் வர நினைத்தேன்' என்பான். சாக்கு பிறக்கும் இடம் இதுவே. மனம் முடிவு செய்துவிடுகிறது. அந்த முடிவுக்கு நியாயம் தேடித்தரும் பணியைப் புத்தி ஏற்றுக்கொள்கிறது. வழிநடத்த வேண்டிய புத்தி, வழக்கறிஞராகிவிடுகிறது. ஒருவர் எவ்வளவு படித்தவரோ அவ்வளவு திறமையான வழக்கறிஞர் அவருக்குக் கிடைத்துவிடுகிறார்!

செகந்திராபாதில் ஒரு வரலாறு

மல்லாபூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், செகந்திராபாதில், மகபூப் கல்லூரி இருக்கிறது. 1893-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் அங்கே ஓர் இளம் துறவி, மேலைநாடு செல்லும் தமது நோக்கம் குறித்து ஆங்கிலத்தில் உரையாற்றினார். ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். அவர்களுள் ஐரோப்பியரும் பலர். அந்தத் துறவியே சுவாமி விவேகானந்தர். அப்போது அவருக்கு வயது முப்பது.

அன்று அவரிடம் இருந்தது என்ன? இல்லாதவற்றை எண்ணுவது எளிது. கப்பல் பயணத்திற்குப் பணம் இல்லை. சிகாகோ சர்வமத மகாசபையிலிருந்து அழைப்பு இல்லை. தம்மைப் பிரதிநிதி என்று சான்றளிக்க ஒரு நிறுவனம் இல்லை. அமெரிக்காவில் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மகாசபை தொடங்கும் நாள்கூடச் சரியாகத் தெரியாது. கடல் கடந்து செல்வதே தவறு என்று கருதிய சமுதாயம் அவரைச் சூழ்ந்திருந்தது. 'என்னால் இயலாது' என்று சொல்ல இவற்றுள் எந்த ஒன்றும் போதுமானது. அனைத்தும் மறுக்க முடியாத உண்மைகள். மல்லாபூர் அன்பர் கேட்டாரே, அதே வகை உண்மைகள்.

ஆனால் வரலாற்றை முழுமையாகப் பார்க்கவேண்டும். சுவாமிஜி தயங்கவே இல்லை என்று சொல்லிவிட்டால் அது உண்மைக்குப் பொருந்தாது. ஹைதராபாதுக்கு வருமுன் சென்னையில் இளைஞர்கள் அவருக்காக நன்கொடை திரட்டியபோது, அந்தப் பணத்தை ஏழைகளுக்கு வழங்கிவிடுமாறு கூறினார். ஹைதராபாதில் நவாப் குர்ஷித் ஜா ஆயிரம் ரூபாய் அளிக்க முன்வந்தபோதும், அதற்குரிய வேளை இன்னும் வரவில்லை என்று மறுத்துவிட்டார். அப்படியானால் இதுவும் சாக்குதானா?

தயக்கம் வேறு, தட்டிக்கழித்தல் வேறு

இங்கேதான் நமக்கு ஓர் உரைகல் கிடைக்கிறது. சுவாமிஜி தயங்கிய நாட்களில் சும்மா இருக்கவில்லை. தமது விருப்பம் தன்னலமா, இறைவனின் ஆணையா என்பதை அறியப் பிரார்த்தித்தார். குருதேவர் கடல்மீது நடந்து சென்று தம்மைப் பின்தொடருமாறு அழைப்பதைக் கனவில் கண்டார். அதன்பிறகும் அன்னை ஸ்ரீசாரதா தேவியாருக்குக் கடிதம் எழுதி ஆசி வேண்டினார். ஆசி வந்து சேர்ந்தபின் அவரிடம் தயக்கத்தின் சுவடே இல்லை. 1893 மே 31-ஆம் நாள் பம்பாயில் கப்பலேறினார்.

உண்மையான தயக்கம் விடையைத் தேடும். விடை கிடைத்ததும் புறப்பட்டுவிடும். சாக்கு விடையைத் தேடாது. ஒரு தடை நீங்கினால் அடுத்த தடையை அழைத்து வரும். மழைக்காலத்தில் 'மழை நிற்கட்டும்' என்னும். மழை நின்றதும் 'வெயில் தாழட்டும்' என்னும். உங்கள் காரணம் எத்தகையது என்று அறிய வேண்டுமானால், அது நாளையே நீங்கிவிடுவதாக எண்ணிப்பாருங்கள். மனம் மகிழ்ச்சியில் துள்ளினால் அது காரணம். 'ஐயோ, இனி செய்தாகவேண்டுமே' என்று உள்ளூரத் திடுக்கிட்டால் அது சாக்கு.

அமெரிக்காவிலும் தடைகள் காத்திருந்தன. சிகாகோவை அடைந்த பிறகுதான், மகாசபை செப்டம்பரில்தான் கூடும் என்பதும், சான்றுக்கடிதம் இல்லாதவருக்கு இடமில்லை என்பதும் தெரியவந்தன. கையிலிருந்த பணமோ வேகமாகக் கரைந்தது. செலவு குறைவு என்று பாஸ்டன் பக்கம் சென்றார். அங்கே ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட்டின் நட்பு கிடைத்தது. அவரே அறிமுகக் கடிதம் எழுதித் தந்தார். மீண்டும் சிகாகோ வந்தபோது முகவரி தொலைந்துவிட்டது. ரயில் நிலையத்தின் சரக்குப் பகுதியில் இரவைக் கழித்தார். மறுநாள் வீடுவீடாகச் சென்று அவமதிக்கப்பட்டு, தெருவோரத்தில் அமர்ந்திருந்தவரை ஹேல் அம்மையார் கண்டு ஆதரித்தார்.

செப்டம்பர் 11-ஆம் நாள் மேடையில் அமர்ந்தும் அவர் உடனே பேசிவிடவில்லை. மற்றவர்கள் எழுதித் தயாரித்த உரைகளுடன் வந்திருந்தனர். அவரிடம் எதுவும் இல்லை. நெஞ்சு படபடத்தது, நாக்கு உலர்ந்தது என்று பின்னர் அவரே தம் கடிதத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தலைவர் அழைத்தபோதெல்லாம் 'இப்போது வேண்டாம்' என்று தள்ளிப்போட்டார். பிற்பகல் கழிந்து, இனியும் தள்ளமுடியாது என்ற நிலையில், கலைமகளை மனத்தால் வணங்கி எழுந்தார். பிறகு நடந்ததை உலகம் அறியும்.

மகான்களுக்கு அச்சமே வராது என்று எண்ணி நாம் நம்மை நொந்துகொள்கிறோம். அந்த எண்ணமும் ஒரு சாக்கே. 'அவர்கள் மகான்கள், நாம் சாதாரணமானவர்கள்' என்று கைகூப்பி ஒதுங்கிவிட அது உதவுகிறது. சுவாமிஜிக்கும் நாக்கு உலர்ந்தது. உலர்ந்த நாக்குடனேயே அவர் எழுந்து நின்றார்.

ஓர் இல்லறத்தாரின் சான்று

'அவர் துறவி, குடும்பச் சுமை இல்லாதவர்' என்று சிலர் கூறலாம். அவர்களுக்காக அளசிங்கப் பெருமாளைச் சொல்லவேண்டும். அவர் சென்னையில் பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் பணியாற்றிய ஆசிரியர். வருவாய் குறைவு, குடும்பமோ பெரியது. சுவாமிஜியை அனுப்பிவைக்கும் பணியைத் தலைமேற்கொண்ட இளைஞர்களுக்கு அவரே தலைவர். கதவு கதவாகச் சென்று கையேந்தினார். பெருஞ்செல்வர்களை மட்டும் நம்பாமல் நடுத்தர மக்களிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டினார். 1895-இல் 'பிரம்மவாதின்' என்ற ஆங்கில இதழையும் தொடங்கி, பள்ளி வேலையோடும் குடும்பக் கடமைகளோடும் அதைச் சுமந்தார். 1909-இல் அவர் மறைந்தபோது வயது நாற்பத்து நான்குதான். நேரம் இல்லை என்று சொல்ல அவரைவிட உரிமை உடையவர் யார்?

சாக்கின் நான்கு முகங்கள்

நம் நாள்தோறும் வாழ்வில் சாக்கு நான்கு முகங்களுடன் வருகிறது.

முதல் முகம், காலம். 'பிறகு பார்க்கலாம்.' காலம் தாழ்த்துதல், மறதி, சோம்பல், மிகையான உறக்கம் ஆகிய நான்கையும், கெடப்போகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலம் என்கிறார் திருவள்ளுவர். அந்தக் கலத்தில் பயணம் சுகமாகவே இருக்கும். அதுதான் ஆபத்து. மூழ்கும் கலம் என்று தெரிந்தால் யார் ஏறுவார்?

இரண்டாவது முகம், தகுதி. 'எனக்கு அந்தத் திறமை இல்லை.' பணிவின் ஆடையை அணிந்து வருவதால் இதை அடையாளம் காண்பது கடினம். பணிவு 'எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன்' என்று சொல்லும். சாக்கு 'எனக்குத் தெரியாது' என்பதோடு நிறுத்திக்கொள்ளும்.

மூன்றாவது முகம், பிறர். 'வீட்டில் ஒத்துழைப்பு இல்லை, அலுவலகத்தில் அரசியல்.' இவை இருக்கலாம். ஆனால் நம் வாழ்வின் திறவுகோலை எவர்மீது நாம் குறை கூறுகிறோமோ அவரிடமே கொடுத்துவிடுகிறோம்.

நான்காவது முகம், விதி. 'என் கர்மம் இப்படி; இறைவன் சித்தம்.' சமயப் பற்றுடையோரிடம் மிகுதியாகக் காணப்படுவது இது. கர்மக் கொள்கையை நாம் பாதி மட்டுமே படித்திருப்பதன் விளைவு. நேற்றைய செயல் இன்றைய சூழ்நிலையைத் தந்தது உண்மையானால், இன்றைய செயல் நாளைய சூழ்நிலையைத் தரும் என்பதும் உண்மையாகத்தானே வேண்டும்? முற்பிறவி முயற்சியையும் இப்பிறவி முயற்சியையும் மோதும் இரண்டு ஆட்டுக்கடாக்களாக யோகவாசிஷ்டம் வர்ணிக்கிறது, வலியது வெல்லும். விதி துணை நிற்காத இடத்திலும் முயற்சி தன் உழைப்பிற்குரிய கூலியைத் தந்தே தீரும் என்பது வள்ளுவர் வாக்கு. சரணாகதி என்பது துடுப்பை எறிந்துவிடுவது அன்று. துடுப்பு வலித்தபடியே கரையை அவனிடம் விட்டுவிடுவது.

இந்த நான்கு முகங்களுக்கும் மேலாகத் துறவின் பெயரால் வரும் சாக்கு ஒன்று உண்டு. 'இவ்வுலக வெற்றியில் எனக்குப் பற்று இல்லை' என்று கூறிக் கடமையைக் கைவிடுவது. உடல் வருந்துமே என்று அஞ்சிக் கடமையைத் துறப்பவன் துறவின் பலனை அடைவதில்லை என்று கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் எச்சரிக்கிறது. வெல்ல முடியாதவன் வெற்றியை வெறுப்பதற்குப் பெயர் வைராக்கியம் அன்று.

வாய்க்கால் வெட்டிய விவசாயி

ஸ்ரீராமகிருஷ்ணர் ஒரு கதை சொல்வதுண்டு. வறட்சிக் காலம். இரண்டு விவசாயிகள் ஆற்று நீரைத் தத்தம் வயலுக்குக் கொண்டுவர வாய்க்கால் வெட்டினார்கள். ஒருவனிடம் மகள் வந்து எண்ணெய் தேய்த்துக் குளிக்க அழைத்தாள், அவன் அசையவில்லை. உச்சிவேளை கடந்ததும் மனைவி வந்து, சாப்பாடு ஆறுகிறது, மீதியை நாளை பார்க்கலாம் என்றாள். அவன் மண்வெட்டியைக் கீழே வைக்காமல் வெட்டிக்கொண்டே இருந்தான். மாலையில் ஆற்று நீர் சலசலத்து வயலுக்குள் பாய்ந்ததைக் கண்குளிரப் பார்த்தபின் வீடு திரும்பினான்; குளித்தான், உண்டான், நிம்மதியாக உறங்கினான். மற்றவனிடமும் மனைவி வந்து அதையே கூறினாள். 'நீ சொல்கிறாய், அதனால் வருகிறேன்' என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவளுடன் நடந்தான். அவனுடைய வயலுக்கு நீர் வரவே இல்லை.

இரண்டாமவன் சொன்ன சொல்லைக் கவனியுங்கள். பசி உண்மை, நேரமானது உண்மை, மனைவியின் அன்பும் உண்மை. ஆனால் அவனை நிறுத்தியது இவற்றுள் எதுவும் அன்று. நிறுத்தத் தயாராக இருந்த மனம் ஒரு குரலுக்காகக் காத்திருந்தது. முதலாமவனுக்கும் அதே பசிதான், அதே வெயில்தான்.

ஆகவே அந்த அன்பரின் கேள்விக்கு இதுதான் விடை என்று எனக்குத் தோன்றியது. காரணம் உண்மையா பொய்யா என்பது கேள்வி அன்று. அந்தக் காரணம் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது எவ்வளவு, விட்டுவைத்தது எவ்வளவு என்பதே கேள்வி. இரவு வேலையும் தாயின் நோயும் ஒருவருடைய நாளில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. தாயைப் பேணுவது தர்மம். அதை ஒருபோதும் சாக்கு என்று சொல்லக்கூடாது. ஆனால் அந்தக் கடமைகள் விட்டுவைத்த அரைமணி நேரம் இருக்கிறதே, அதற்கும் சேர்த்து அவற்றின்மீதே பழி போடும்போது உண்மையான காரணம் சாக்காகிவிடுகிறது.

ஓர் ஒப்புதல்

அவருக்கு உடனே விடை கூற இயலாமல் போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் மூத்த துறவி ஒருவர் ஒரு சம்ஸ்கிருத நூலைத் தமிழில் பெயர்க்கும் பணியை என்னிடம் ஒப்படைத்தார். 'என் சம்ஸ்கிருதம் இன்னும் முதிரவில்லை. இன்னும் சில உரைகளைப் படித்துவிட்டுத் தொடங்குகிறேன்' என்று கூறிவந்தேன். அது உண்மையே. அவர் ஒருமுறையும் கடிந்துகொண்டதில்லை. சந்திக்கும்போதெல்லாம், 'இன்று எத்தனை வரி?' என்று மட்டும் புன்னகையுடன் கேட்பார். நான் உரைகளைப் படித்துக்கொண்டே இருந்தேன். அவர் உடல் நலிந்து மறைந்தார். அதன் பிறகே எழுத உட்கார்ந்தேன். நூல் வெளிவந்தபோது முதல் பிரதியை அவருடைய படத்தின் முன் வைத்தேன். அவருடைய கைகளில் வைத்திருக்க முடியும். என் மொழியறிவு முதிராமல் இருந்தது காரணம். நாளுக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்தது சாக்கு. மல்லாபூரின் மொட்டைமாடியில் அந்த அன்பர் கேட்டபோது என் காதில் விழுந்தது, 'இன்று எத்தனை வரி?' என்ற குரல்தான்.

இன்றே செய்யத்தக்கது

சாக்கை வாதத்தால் வெல்ல முடியாது. அது நம்மைவிடச் சிறந்த வாதி. செயலால்தான் வெல்லமுடியும். அதற்கு மூன்று சிறு பயிற்சிகள்.

நெடுநாள் தள்ளிப்போட்ட ஒரே ஒரு பணியைத் தேர்ந்தெடுங்கள். அதைத் தள்ளிப்போடக் கூறிவந்த காரணங்களை ஒரு தாளில் எழுதுங்கள். மனத்தினுள் மலைபோல் தோன்றுபவை தாளில் நான்கைந்து வரிகளில் அடங்கிவிடும்.

ஒவ்வொரு காரணத்திற்கும் எதிரே, 'இது இருந்தும் நான் செய்யக்கூடியது' என்று ஒன்றை எழுதுங்கள். மிகச் சிறியதாக இருக்கலாம். ஒரு பக்கம் படிப்பது, ஒரு வரி எழுதுவது, ஒரு மாலை ஜபம் செய்வது.

அந்தச் சிறிய செயலை நாள்தோறும் ஒரே வேளையில், இறைவனுக்கு அர்ப்பணமாகச் செய்யுங்கள். பலன் என்னவாகுமோ என்ற கவலை வரும்போது, வேலை நம்முடையது, பலன் அவனுடையது என்று நினைவூட்டிக்கொள்ளுங்கள். பயனில் கண் வைப்பவனுக்குத் தோல்வியைப் பற்றிய அச்சம் வரும். அந்த அச்சமே பெரும்பாலான சாக்குகளின் தாய். கர்மயோகம் சாக்கின் வேரையே அறுக்கிறது.

சில நாட்களுக்குப் பிறகு தொலைபேசியில் அந்த அன்பரிடம் இவற்றைக் கூறினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், 'வேலைக்குப் போகும் பேருந்தில் அரைமணி நேரம் இருக்கிறது, சுவாமிஜி' என்றார். எல்லாப் பாடங்களையும் ஒன்றாக எழுதாமல் ஒன்றிரண்டாக எழுதும் வழியில் அவர் பணம் கட்டினார். தமிழிலும் சமூக அறிவியலிலும் தேறிவிட்டார். கணிதத்தில் தவறிவிட்டார். அந்தச் செய்தியைச் சொன்னபோது அவருடைய குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் காரணம் எதுவும் இல்லை. 'மறுபடியும் எழுதுகிறேன்' என்று மட்டும் சொன்னார்.

கீதையின் முடிவில் அர்ஜுனனும் அவ்வளவே கூறுகிறான். முதல் அத்தியாயத்தில் அத்தனை வாதங்களை அடுக்கியவன், இறுதியில் மயக்கம் தெளிந்து, உன் சொற்படி செய்கிறேன் என்ற ஒரே முடிவோடு எழுகிறான். அவனுக்கு முன்னால் நின்ற சேனையில் ஒருவர்கூடக் குறையவில்லை. நழுவிய வில் மட்டும் மீண்டும் கைக்கு வந்துவிட்டது.

நம் கையிலிருந்து நழுவிய வில் எது என்பதை நாம் ஒவ்வொருவரும் அறிவோம். அதைக் குனிந்து எடுக்கும் வலிமையை பகவான் நம் அனைவருக்கும் அருள்வாராக!